முழுக் கணக்கையும் முதலிலேயே கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், "புற்றுநோய் சிகிச்சைச் செலவு பற்றிக் கேட்க ஏதாவது இருந்தால் எழுதுங்கள்" என்று இரண்டே வரி போட்டிருந்தோம். குடியாத்தம், ஆம்பூர், வாலாஜா, ஆரணி என்று பழைய வடஆற்காடு மாவட்டமே எழுதியது போலக் கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்தத் தடவை ஆறை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர்களை நீக்கிவிட்டேன், ஊர் மட்டும் இருக்கட்டும்.

நான் டாக்டர் இல்லை. வேலூரில் ஒரு மருத்துவமனையின் பில் கவுன்ட்டரில் 22 வருடம் உட்கார்ந்தவள், என் அக்காவுக்கு இந்த நோய் வந்தபோது கவுன்ட்டருக்கு வெளியே வரிசையில் நின்றவள். எந்த மருந்து, எத்தனை டோஸ் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். பணம் எந்த வழியாகப் போகிறது, எங்கே அதைப் பிடித்து நிறுத்தலாம் என்பதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று போன மாதம் தெரிந்தது. அப்பா லுங்கித் தறி ஓட்டுகிறார், அம்மா பீடி சுற்றுகிறார். பயாப்ஸி, ஸ்கேன், பெட் ஸ்கேன் என்றே 64,000 ரூபாய் போய்விட்டது. ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷனுக்கு உடனே 1 லட்சம் அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் மூன்று வட்டிக்குத் தருகிறேன் என்கிறார். மாமா, "வீட்டை வித்தாவது பாரு" என்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. – வாசகி, குடியாத்தம்

பதில்: தங்கச்சி, அந்த ஒரு லட்சத்தை இன்னும் கட்டவில்லை என்றால் நாளைக்குக் கட்ட வேண்டாம். முதலில் டாக்டரிடம் போய், "பத்து நாள் எடுத்துக்கொண்டால் அம்மாவுக்கு ஏதாவது கெடுதல் வருமா?" என்று நேராகவே கேளுங்கள். மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலும் பத்து நாளில் ஒன்றும் ஆகாது என்றுதான் சொல்வார்கள். மாதக்கணக்கில் தள்ளுவது வேறு, அது ஆபத்து. ஆனால் பத்து நாள் கிடைத்தால் உங்கள் வீட்டுக் கதையே மாறும்.

ஏன் சொல்கிறேன் என்றால், இந்த நோய்க்கு ஆபரேஷன் என்பது ஒரு தவணைதான். அதற்கு முன்போ பின்போ கீமோ வரும், பெரும்பாலும் 21 நாளுக்கு ஒன்று என்று ஆறோ எட்டோ வரும், அப்புறம் கரன்ட் (கதிர்வீச்சு) வைப்பார்கள், அப்புறம் பலருக்கு ஹார்மோன் மாத்திரை ஐந்து வருடம், ஹெர்-2 என்று ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் வந்திருந்தால் டிராஸ்டுஜுமாப் ஊசி ஒரு வருடம். ஆபரேஷனுக்கே நகை, வீடு, கடன் எல்லாம் தீர்ந்துபோனால் மிச்சத்துக்கு என்ன செய்வது? கவுன்ட்டரில் நான் பார்த்து மனசு உடைந்தது ஆபரேஷனுக்குப் பணம் இல்லாதவர்களைப் பார்த்து இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு ஊரே சேர்ந்து கொடுக்கும். நாலாவது கீமோவுக்கு வருகிறவர்களைப் பார்த்துத்தான். ஒரு பெரியவர் மஞ்சப்பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட பில் கட்டை எடுத்து என் முன்னால் வைத்து, சுருட்டி வைத்திருந்த நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக நீவி எண்ணி, பாதி எண்ணும்போதே நிறுத்திவிட்டு, "இந்த ஊசிய அடுத்த மாசம் போட்டுக்கலாமாம்மா?" என்று கேட்டார். உள்ளே அவர் மனைவி கையில் ஊசி ஏற்றத் தயாராக உட்கார்ந்திருந்தார். அந்தக் குரலை மறக்க முடியவில்லை. அதனால்தான் யார் கேட்டாலும் ஒன்றையே சொல்கிறேன்: முதல் ரூபாய் கட்டுவதற்கு முன்னால் கடைசி ரூபாய் வரைக்கும் எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். ஆபரேஷன், கீமோ, கரன்ட், மாத்திரை, நடுவில் வரும் ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து ஒரே தாளில் எஸ்டிமேட். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று நினைக்காதீர்கள். முழு எஸ்டிமேட் தர மறுக்கும் இடத்தில் அட்வான்ஸ் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

இப்போது அந்தப் பத்து நாளில் செய்ய வேண்டியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை, 2018-லிருந்து மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்த்து நடக்கிறது. அட்டை இல்லை என்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, எல்லாருடைய ஆதார் எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். வருமானச் சான்றுக்கு முன்னாடியே வி.ஏ.ஓ.வைப் பார்த்து, நோயாளி வீடு என்று பயாப்ஸி ரிப்போர்ட்டைக் காட்டினால் சீக்கிரம் நகரும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. இந்த அட்டையில் மருத்துவமனைதான் முன்கூட்டியே அனுமதி வாங்கி சிகிச்சை தர வேண்டும். நீங்கள் கையிலிருந்து கட்டிவிட்டு, அப்புறம் அட்டையை நீட்டினால் கட்டிய பணம் திரும்பாது. அதனால்தான் முதலில் காகிதம், அப்புறம் பணம். தனியார் மருத்துவமனைகளும் இந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன, ஆனால் பட்டியலில் இருக்கும் மருத்துவமனையிலும் எல்லா சிகிச்சையும் அட்டையில் வராது. "இந்த ஆபரேஷன், இந்தக் கீமோ, இந்தக் கரன்ட் மூன்றும் உங்களிடம் அட்டையில் வருமா?" என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

காஞ்சிபுரம் பக்கத்தில் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை 1969-லிருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனை, புற்றுநோய்க்கென்றே கட்டியது. நம் ஊரிலிருந்து எத்தனையோ பேர் அதைத் தாண்டி பஸ்ஸில் சென்னைக்குப் போய்க் கடன்பட்டுத் திரும்புகிறார்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருமுறை காட்டி, அங்கே முடியாததைக் காரப்பேட்டைக்கு எழுதித் தரச் சொல்லலாம். கையில் இருக்கும் பயாப்ஸி ஸ்லைடு, ஸ்கேன் பிலிம், சி.டி. எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், அது உங்கள் காசில் எடுத்தது. கொண்டுபோனால் அதே 64,000 இன்னொரு தடவை போகாது.

கரன்ட் பற்றியும் ஒன்று. முன்பெல்லாம் மார்பகத்துக்கு வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம், 25 தடவை வைப்பார்கள். இப்போது பல நோயாளிகளுக்கு மூன்று வாரத்தில் 15 தடவை வைத்தாலே அதே பலன் என்று ஆய்வுகளில் உறுதியாகி நடைமுறைக்கே வந்துவிட்டது. பத்து நாள் போக்குவரத்து, பத்து நாள் அப்பாவின் தறிக்கூலி மிச்சம் என்றால் சும்மாவா? "அம்மாவுக்கு 15 போதுமா?" என்று கேட்கலாம். ஹெர்-2 ஊசிக்கும் அப்படித்தான், இந்தியக் கம்பெனிகள் 2014-லிருந்து அதே மருந்தைத் தயாரிக்கின்றன, விலை வெகுவாக இறங்கியிருக்கிறது.

அம்மா பீடி சுற்றுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அடையாள அட்டை இருக்கிறதா? பீடித் தொழிலாளர் நல நிதியில் புற்றுநோய் சிகிச்சைக்கு உதவித் திட்டம் இருக்கிறது. உங்கள் பகுதி பீடித் தொழிலாளர் மருந்தகத்தில், சிகிச்சை தொடங்குவதற்கு முன்னாலேயே, என்னென்ன தாள் வேண்டும் என்று விசாரித்துவிடுங்கள். இத்தனை வருடம் சுற்றிய கைக்கு அந்த அட்டையால் ஒரு தடவையாவது பயன் இருக்கட்டும்.

கடைசியாக அந்த மூன்று வட்டி. 2 லட்சம் வாங்கினால் மாதம் 6,000, வருடத்துக்கு 72,000, அசல் அப்படியே நிற்கும். அதே பணத்தை நகை வைத்து வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ எண்பது பைசா வட்டிக்கு எடுத்தால் மாதம் 1,600 ரூபாய். காதிலிருப்பதைக் கழற்ற அம்மா தயங்குவார், சிகிச்சை முடிந்ததும் மீட்டுத் தருகிறேன் என்று சொல்லிக் கழற்றுங்கள். வீட்டை விற்கும் பேச்சை இப்போது யாரும் எடுக்க வேண்டாம், மாமா உட்பட. கீமோ முடிந்து அம்மா திரும்பி வருவதற்கு அந்த வீடு வேண்டும்.

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஒன்பது வருடமாக வேலை. எனக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து ஆறு வாரம் கரன்ட் வைக்க வேண்டுமாம். சூப்பர்வைசர், "இவ்வளவு நாள் லீவு தர முடியாது, எழுதிக் கொடுத்துட்டுப் போ, செட்டில்மென்ட் பணம் வரும்" என்கிறார். அந்தப் பணத்தில் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாமா? – வாசகி, ஆம்பூர்

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள் அம்மா. இந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மிச்சத்தைப் படிக்காமல் விட்டாலும் பரவாயில்லை.

உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று ஒரு சின்னத் தொகை மாதாமாதம் பிடித்திருப்பார்கள், சம்பளத்தில் 0.75 சதவீதம். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறது. ஒன்பது வருடமாக எதற்குப் பிடிக்கிறார்கள் என்றே தெரியாமல் இருந்திருப்பீர்கள், இதற்குத்தான் அது. இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். அங்கே முடியாத சிகிச்சைக்கு, அவர்களோடு ஒப்பந்தம் உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்தோடு போனால் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. கடிதம் இல்லாமல் நீங்களாகவே ஒரு இடத்தில் சேர்ந்துவிட்டு அப்புறம் பில்லைக் கொண்டுபோனால் பெரும்பாடு, பெரும்பாலும் வராது.

சம்பளத்துக்கு என்ன வழி என்பீர்கள். உடம்பு முடியாத நாட்களுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் தருவார்கள். புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு அதற்குப் பிறகும் 80 சதவீதம், இரண்டு வருடம் வரை நீட்டிக்க வழி உண்டு. இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து, அந்தக் காலத்தில் 156 நாளுக்காவது சந்தா போயிருக்க வேண்டும் என்பது கணக்கு, ஒன்பது வருடம் விடாமல் போனவருக்கு அது சிக்கலாக இருக்காது. இ.எஸ்.ஐ. டாக்டர் தரும் சர்டிபிகேட்டை ஒவ்வொரு தடவையும் கிளை அலுவலகத்தில் தவறாமல் கொடுத்து, கொடுத்ததற்குச் சீல் வாங்கி வையுங்கள். ஒரு நோட்டில் ஒட்டி வைப்பது நல்லது, தொலைந்துபோகும் தாள் எப்போதும் அன்றைக்குத் தேவையான தாளாகத்தான் இருக்கும்.

அப்புறம் சூப்பர்வைசர் விஷயம். நோய்க்கான உதவித்தொகை வாங்கும் காலத்தில் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று இ.எஸ்.ஐ. விதிகளிலேயே இருக்கிறது. நீங்களாக எழுதிக் கொடுத்துவிட்டால்தான் அந்தப் பாதுகாப்பு போய்விடும். "ராஜினாமா" என்று தலைப்பு இல்லாவிட்டாலும், படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுச் செலவுக்குப் பணம் கட்டாயம் தேவைப்பட்டால் பி.எஃப். பணத்திலிருந்து நோய்க்கென்று முன்பணம் எடுக்கலாம், அதற்கு வேலையை விட வேண்டாம்.

கூட வேலை செய்யும் பெண்களிடமும் ஒன்று சொல்லுங்கள். வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கும் வீடு தேடி அழைத்துப் பரிசோதிக்கும் திட்டத்தை 2023 நவம்பரில் நான்கு மாவட்டங்களில் தொடங்கினார்கள். அதில் உங்கள் திருப்பத்தூர் மாவட்டமும் பக்கத்து ராணிப்பேட்டையும் உண்டு. 30 வயது தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். கர்ப்பப்பை வாயில் புற்றாக மாறுவதற்கு முன்பே பிடித்துவிட்டால் சின்ன வைத்தியத்தோடு போய்விடும். பேஸ்டிங் செக்‌ஷனில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு நாள் போய் வாருங்கள், தனியாகப் போகத்தான் கூச்சம்.

கேள்வி: கணவருக்கு 41 வயது. சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய், தினம் இமாடினிப் மாத்திரை. இந்தியக் கம்பெனி மாத்திரைதான் வாங்குகிறோம். வெளிநாட்டுக் கம்பெனியுடையதுதான் ஒரிஜினல், இது டூப்ளிகேட் என்கிறார் நாத்தனார். கையில் பணம் இல்லாத மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கிறேன். சரியா? – வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: நீங்கள் இரண்டாவதாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கவே கூடாது. இந்த நோயில் தினமும் மாத்திரை போட்டால் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே வேலைக்குப் போய், பிள்ளைகளை வளர்த்து வாழ்கிறார்கள். விட்டுவிட்டுக் கொடுத்தால் நோய் அந்த மருந்துக்கு அடங்காமல் போகலாம், அப்புறம் அதைவிட விலை கூடிய அடுத்த மாத்திரைக்குப் போக வேண்டும். பணம் இல்லாத மாதம், மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்னாலேயே டாக்டரிடமோ அங்கிருக்கும் சோஷியல் ஒர்க்கரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரிய மருத்துவமனைகளில் அதற்கென்றே ஒரு மேசையும் ஆளும் உண்டு.

நாத்தனார் சொல்வது தவறு. இந்த மாத்திரைக்குப் பெரிய வரலாறே இருக்கிறது, அதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. கிளிவெக் என்ற பெயரில் நோவார்ட்டிஸ் கம்பெனி இதை விற்றபோது மாதத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் வரை ஆனது. இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தைப் பத்தாயிரத்துக்குள் கொடுத்தன. நோவார்ட்டிஸ் இந்தியாவில் காப்புரிமை கேட்டது. சென்னை காப்புரிமை அலுவலகம் 2006-ல் மறுத்தது, சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், கடைசியில் 2013 ஏப்ரல் 1-ம் தேதி உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. ஏற்கெனவே இருக்கும் மருந்தைக் கொஞ்சம் மாற்றினால் மட்டும் புதுக் காப்புரிமை கிடையாது என்பது தீர்ப்பின் சாரம். உங்கள் கணவர் தினமும் விழுங்கும் மாத்திரை இத்தனை வருட வழக்கு நடந்து நம் கைக்கு வந்த மாத்திரை. அது வேலை செய்கிறதா என்று நாத்தனாரிடம் கேட்க வேண்டாம், சில மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் பி.சி.ஆர். ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

விலை பற்றி என் அனுபவம் ஒன்று. 2016-ல் அக்காவுக்குக் கீமோவுக்குப் பிறகு வெள்ளணு ஏறுவதற்கு ஊசி எழுதினார்கள். நாங்கள் பார்த்த மருத்துவமனையின் மருந்துக்கடையில் மருந்துப் பெட்டியில் அச்சடித்த விலையை அப்படியே வாங்கினார்கள், நானும் மூன்று தடவை ஒன்றும் கேட்காமல் கட்டினேன். நாலாவது தடவை ஸ்டாக் இல்லை என்று வெளியே வாங்கச் சொன்னார்கள். தெரு தாண்டி எதிரே இருந்த மொத்தக் கடையில் அதே மருந்து, வேறு கம்பெனி, பாதி விலைக்கும் கீழே. கையில் மிச்சப் பணத்தை வைத்துக்கொண்டு நடைபாதையில் நின்று அழுதேன். முதல் மூன்று தடவைக்காக அக்கா வளையலை விற்றிருந்தாள். புற்றுநோய் மருந்துகளில் அச்சடித்த விலைக்கும் கடைக்காரர் வாங்கும் விலைக்கும் நடுவே இருந்த பெரிய இடைவெளியைப் பார்த்துத்தான் 2019-ல் மத்திய அரசு 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டது. எல்லா மருந்தும் அதில் வராது. அதனால் சீட்டில் பிராண்டு பெயரோடு மருந்தின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள், மக்கள் மருந்தகம், மொத்தக் கடை என்று இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், புற்றுநோய் மருந்துகள் சிலவற்றுக்கு அறவே இல்லாமலும் ஆகியிருக்கிறது, பில்லில் பாருங்கள். குளிர்ச்சியில் வைக்க வேண்டிய ஊசியை மட்டும் ஐஸ் பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும், மஞ்சப்பையில் போட்டு வெயிலில் நடந்தால் மருந்து கெட்டுவிடும். எதை எங்கே வாங்கினாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, தொண்டைப் புற்றுநோய். கரன்ட், கீமோ எல்லாம் முடிந்து எட்டு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. இம்யூனோதெரபி ஊசி போடலாம், ஒரு தடவைக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். ஒன்றரை ஏக்கர் நிலம்தான் இருக்கிறது. தம்பி விற்றுவிடலாம் என்கிறான். அப்பாவிடம் புண் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். – வாசகர், ஆரணி

பதில்: தம்பி, இந்தக் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். சுலபமாகப் பதில் சொல்ல முடியவில்லை.

முதலில் டாக்டரைத் தனியாகப் பார்த்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இந்த ஊசியால் நோய் போய்விடுமா, இல்லை கொஞ்ச காலம் கூடக் கிடைக்குமா, கிடைத்தால் எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். "போட்டுப் பார்க்கலாம்" என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள். ஒரு ஊசியோடு இது நிற்காது, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று, பலன் இருக்கும் வரை போட வேண்டும். ஒன்றரை ஏக்கர் எத்தனை ஊசிக்கு வரும் என்று அன்றைக்கே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். மூன்று ஊசியோடு பணம் தீர்ந்து நிறுத்துவதானால் ஆரம்பிப்பதா வேண்டாமா என்பதையே யோசிக்க வேண்டும்.

அதே மூச்சில், நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் குறைந்த அளவில் போடுவது பற்றியும் கேளுங்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை டாக்டர்கள், உங்கள் அப்பாவைப் போல நோய் முற்றிய அல்லது திரும்ப வந்த தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் ஒரு ஆய்வு செய்து 2022-ல் வெளியிட்டார்கள். வழக்கமாக இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம் போடும் மருந்தை, மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம், கூடவே விலை குறைந்த மாத்திரைகள் என்று கொடுத்தார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம், ஊசியும் சேர்த்துப் போட்டவர்களில் 43.4 சதவீதம். நம் ஊர் மருத்துவர்கள், நம் நோயாளிகளின் சட்டைப்பையை நினைத்துச் செய்த வேலை இது. அப்பாவுக்குப் பொருந்துமா என்பது அவர் உடல் நிலையைப் பொறுத்தது, ஆனால் கேட்காமல் நிலத்தை விற்க வேண்டாம்.

இனி நான் சொல்வது உங்களுக்கு வலிக்கலாம். நிலம் யார் பேரில் இருக்கிறது? அப்பா பேரில்தானே? அவர் உழுத நிலத்தை, அவர் உடம்புக்காக, அவருக்குத் தெரியாமல் விற்பது எப்படித் தம்பி சரியாகும்? கையெழுத்துக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் கூட்டிக்கொண்டு போகும்போது என்ன சொல்வீர்கள்? தொண்டையில் புண் என்றால் இத்தனை மாதம் கரன்ட் வைப்பார்களா என்று அவருக்கு எப்போதோ புரிந்திருக்கும், நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று அவரும் பேசாமல் இருப்பார். அம்மாவையும் உட்கார வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் சொல்லுங்கள். என்ன வேண்டும் என்று அவரே சொல்வார். ஊசி வேண்டும் என்றால் அவர் நிலம், அவர் முடிவு, தயங்காமல் செய்யுங்கள். வீட்டில் இருக்கிறேன், வலி மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள் என்றால் அதுவும் வைத்தியம்தான். வலிக்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது, விலை அதிகமில்லை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி நிவாரணச் செவிலியர் உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்துவிடுங்கள்.

கேள்வி: புற்றுநோயாளிக்கு ரயிலில் இலவசம் என்கிறார்களே, உண்மையா? – வாசகர், காட்பாடி

பதில்: சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போனால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, கூடப் போகும் ஒருவருக்கு அந்த வகுப்புகளில் 75 சதவீதம். இரண்டாம் வகுப்பு, ஏ.சி. சேர் காரில் இருவருக்குமே 75. மருத்துவமனையில் ரயில்வே படிவத்தில் சான்று வாங்கி, கவுன்ட்டரில் கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டும். பஸ் என்றால் பெண் நோயாளிக்கும் கூட வரும் பெண்ணுக்கும் சாதாரண டவுன் பஸ்ஸில் காசில்லை, வேலூரிலிருந்து அடுக்கம்பாறை போக அதுவே போதும்.

தங்கும் செலவையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம் நீங்கள். வேலூர் தோட்டப்பாளையம் பக்கம் லாட்ஜ் சந்துகளில் காலையில் நடந்து பாருங்கள், வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்துக் கடுகு எண்ணெயில் மீன் தாளித்துக்கொண்டிருப்பார்கள். நோயாளிக்கும் வீட்டுச் சாப்பாடு, செலவும் பாதி. நம் ஆட்கள் சென்னைக்குப் போனால் மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட்டே ஆயிரக்கணக்கில் விடுகிறார்கள். சமைக்க வசதி உள்ள அறையாகக் கேட்டு எடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்குக் கீமோ நடக்கிறது. ஆப்பிள், ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போகலாமா, வேறு என்ன செய்யலாம்? பணம் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களா? – வாசகி, வாணியம்பாடி

பதில்: தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆப்பிள் ஏற்கெனவே பத்துப் பேர் வாங்கி வந்து வாடிக்கொண்டிருக்கும். அந்த முந்நூறு ரூபாயை ஒரு கவரில் போட்டு, "ஆட்டோவுக்கு வெச்சிக்கோங்கக்கா" என்று கையில் கொடுத்துவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். பணம் முடியாது என்றால் காகித வேலையை எடுத்துக்கொள்ளலாம், இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பது, பில்களை ஜெராக்ஸ் எடுப்பது, காப்பீட்டு மையத்துக்குப் போன் செய்வது. அந்த வீட்டு ஆண் ஒரு நாள் வேலைக்குப் போக முடிந்தால் அது ஒரு நாள் கூலி.

கீமோ போட்ட முதல் நாலைந்து நாள் அந்த அக்காவுக்கு அடுப்படி வாசனையே ஆகாது, வீட்டில் பிள்ளைகள் பன்னும் டீயுமாக ஓட்டிக்கொண்டிருப்பார்கள். எந்தத் தேதியில் ஊசி என்று கேட்டு வைத்துக்கொண்டு, மறுநாள் காலை உங்கள் வீட்டுக்கு இட்லி ஊற்றும்போது ஒரு தட்டு கூட ஊற்றுங்கள். பிள்ளைகளுக்குச் சட்னி, அக்காவுக்கு வாய்ப்புண் இருக்கும், அதனால் காரம் இல்லாமல் கொஞ்சம் தயிர். இட்லி கொண்டுபோன தூக்குவாளியைத் திரும்ப வாங்கும் சாக்கில் சாயங்காலமும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.